மத்தியான வைரஸ்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது என்று ஒன்றரை மாதம் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வைரஸ் நான்தான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. மாசியில் கல்யாணமாகி, அசோக் நகரிலிருந்து மயிலாப்பூருக்கு வந்திருந்தேன். கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மாடிப் போர்ஷன். மாமனார், மாமியார், காலேஜில் படிக்கும் நாத்தனார், என் கணவர், நான். இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருமகள் எழுதுகிறாள் என்றதும் படிக்கிறவர்கள் மாமியாரிடம் ஒரு கொடுமையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். என் மாமியார் எனக்குச் செய்த பெரிய கொடுமை காபியில் சர்க்கரையை அள்ளிப் போட்டதுதான்.

என் கஷ்டம் வேறு. அந்த வீட்டில் எல்லோருக்கும் அவரவருக்கென்று ஒன்று இருந்தது. மாமியாருக்குப் பாட்டு. நாத்தனாருக்கு வீணை. அரசாங்க ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற மாமனாருக்கு ஆங்கில அகராதி. தினம் இரண்டு பக்கம் என்று பாராயணம் மாதிரிப் படிப்பார். கணவருக்குக் கம்ப்யூட்டர். காலையில் அடையாறில் ஒரு சின்ன கம்பெனியில் அதனோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து இன்னொன்றோடு உட்காருவார். எனக்கென்று இருந்தது டென்னிகாய்ட். ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே வீசிப் பிடிக்கும் ஆட்டம். காலேஜ் அணியில் மூன்று வருஷம் ஆடினேன். கல்யாணமான பெண் மயிலாப்பூர் சந்தில் யாரோடு வளையம் வீசுவது? யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச்சே எழவில்லை, அவ்வளவுதான்.

கணவர் சாது. என்னிடம் மரியாதையாகப் பேசுவார். சாப்பாடு நன்றாக இருந்தது என்பார், நன்றாக இல்லாத நாளிலும் சொல்வார். முதல் ஆறு மாதத்தில் நாங்கள் பேசியதை எழுதினால் ஒரு இன்லண்ட் லெட்டரில் அடங்கிவிடும். பின்பக்கம் காலியாகக்கூட இருக்கும்.

ஆடி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு சிடியை அவர் ஆபீஸ் சிநேகிதருக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நான் காபி கொண்டுபோனேன். திரையில் ஒரு பாழடைந்த கோபுரம், பன்னிரண்டு நிலை. அடிவாரத்தில் ஒரு கிராமம், அங்கே ஒரு கொல்லன், மருந்து விற்கும் ஒரு கிழவி. கோடரி தூக்கிய ஒருவனை நாம் நடத்திக்கொண்டு ஒவ்வொரு நிலையாக ஏற வேண்டும். வழியெல்லாம் எலும்புக்கூடும் ஓநாயும் ராட்சசர்களும்.

"செஸ் மாதிரி இல்லைடா இது. நீ ஒண்ணு, நான் ஒண்ணுன்னு முறை கிடையாது. நீ யோசிச்சிண்டு இருக்கறச்சயே அவன் அடிப்பான்" என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். சொல்லி வாய் மூடவில்லை, ஓர் ஓநாய் அவருடைய கோடரிக்காரனைக் கடித்துக் குதறிவிட்டது. சிநேகிதர் சிரித்தார்.

டபரா செட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவர் ஓநாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் அரை நொடி தாமதம். டென்னிகாய்டில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு இது. பறந்து வரும் வளையத்தைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது எதிராளியின் மணிக்கட்டை. அந்த ஓநாயும் பாய்வதற்கு முன்னால் தோளைக் கொஞ்சம் இறக்குகிறது. இவ்வளவு படித்த மனுஷனுக்கு இது தெரியவில்லையே என்று எனக்குக் கை பரபரத்தது. காபி ஆறிவிட்டது என்று இரண்டாவது தடவை போடச் சொன்னார்கள்.

மறுநாள் மத்தியானம். மாமியார் உள்ளறையில் ஃபேனைப் போட்டுக்கொண்டு தூங்கினார். மாமனார் நூலகத்துக்குப் போயிருந்தார். நாத்தனார் காலேஜிலிருந்து மூன்று மணிக்குத்தான் வருவாள். நான் கம்ப்யூட்டர் அறைக்குள் போய், உறையை எடுத்து, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். எழுந்தபோது மணி மூன்றுக்கு ஐந்து நிமிஷம்.

அந்த ஆட்டத்தில் அப்படி என்ன இருந்தது என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். முதல் காரணம், அது எனக்காகக் காத்திருக்கவில்லை. புது மருமகளுக்கு எல்லோரும் காத்திருப்பார்கள், விட்டுக்கொடுப்பார்கள், "பரவாயில்லை, பழகிடும்" என்பார்கள். ரசத்தில் உப்புத் தூக்கலாக இருந்தால் சொல்லாமல் மோர் கேட்பார்கள். அந்த ராட்சசனுக்கு என்மேல் எந்தத் தாட்சண்யமும் இல்லை. நான் தாமதித்தால் அடித்தான், முந்திக்கொண்டால் விழுந்தான். தப்பும் சரியும் அந்த நொடியிலேயே தெரிந்தது. யாரோ என்னை ஒரு பொருட்டாக மதித்து எதிர்த்து நிற்கிறார்கள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது காரணம், நேற்றுச் சம்பாதித்தது இன்றைக்கும் இருந்தது. நேற்று தேய்த்த பாத்திரத்தை இன்றைக்கு மறுபடி தேய்க்க வேண்டும். வீட்டு வேலை என்றால் அதுதான். இந்த ஆட்டத்தில் ஒரு நிலையைத் தாண்டினால் நான்கு புள்ளி தருவார்கள். பலம், வேகம், உயிர், மந்திரம் என்று எதில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். போட்டது போட்டதுதான், யாராலும் எடுக்க முடியாது. நான் இஷ்டத்துக்கு வேகத்தில் போட்டேன். கனமான கோடரியைக் கொல்லனிடம் விற்றுவிட்டு ஒரு மெல்லிய ஈட்டி வாங்கினேன். வாசலைத் தாண்டிப் போகாமல் நிலைப்படியிலேயே நின்றால் ராட்சசர்கள் ஒவ்வொருவராகத்தான் வர முடியும் என்று கண்டுபிடித்தேன். ரேஷன் கடையில் கற்ற பாடம்.

எனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. அந்த ஆட்டத்தில் ஒரே ஆள்தான். மூடும்போது எந்த நிலையில் இருக்கிறானோ அப்படியே தானாகப் பதிந்துகொள்ளும். நான் தனியாக ஆடுவதாக நினைத்துக்கொண்டு அவருடைய ஆளைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அறையிலிருந்து, "ஐயோ!" என்று சத்தம். எல்லோரும் ஓடினோம்.

"என் கோடரியைக் காணோம்" என்றார் கணவர். "ஆளே இளைச்சுப் போயிட்டான். நாலாவது நிலையில விட்டேன், ஆறுல நிக்கறான். ஏதோ வைரஸ் போல இருக்கு."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லோரும் அங்கே நின்றார்கள். மத்தியானம் மாமியார் தூங்கும்போது கணவரின் கம்ப்யூட்டரைத் திறந்து ராட்சசனைக் குத்தினேன் என்று எந்தப் புது மருமகள் சொல்லுவாள்?

வைரஸ் என்ற சொல்லை மாமனார் பிடித்துக்கொண்டார். அவருடைய ஆபீசில் கம்ப்யூட்டர் வைத்திருந்த குளிர்சாதன அறைக்குள் போகிறவர்கள் செருப்பை வெளியே கழற்ற வேண்டும் என்று விதி. வைரஸ் காலோடு வருகிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மறுநாள் முதல் எங்கள் வீட்டிலும் காலைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும் என்று உத்தரவு. போதாததற்குக் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால் நான்கு அந்துருண்டை வைத்தார்.

"அப்பா, அது பூச்சி இல்லைப்பா" என்றார் கணவர்.

"வெச்சா என்ன கெட்டுப்போறது?" என்றார் மாமனார்.

நானும் தினம் மத்தியானம் காலைக் கழுவிக்கொண்டுதான் போனேன். விதி எல்லோருக்கும் பொதுதானே. இனிமேல் தொடக்கூடாது என்று காலையில் சபதம் எடுப்பேன். ஒன்றரை மணி அடித்ததும் சபதம் காற்றில் போய்விடும். அந்துருண்டை வாசனை இன்றைக்கும் எனக்கு ஏழாவது நிலையை ஞாபகப்படுத்துகிறது.

நாளடைவில் கணவர் வைரஸோடு சமாதானம் ஆகிவிட்டார். ஏனென்றால் அது அவரைவிட நன்றாக ஆடியது. அவர் செத்துச் செத்து மீண்ட இடங்களை அது ஒரே மூச்சில் தாண்டியது. ஒரு நாள் நான் திறந்தபோது, ஆட்டத்தில் வரும் கிராமத்தில் சாமான் போட்டுவைக்கும் பெட்டியில் ஆறு சிவப்பு மருந்துப் புட்டி அடுக்கி வைத்திருந்தது. சண்டையில் உயிர் குறைந்தால் குடிப்பது. அவருக்கு அது தேவைப்படும், எக்கச்சக்கமாக அடிவாங்குகிறவர். அதை எடுத்துக் குடிக்காமல் எனக்காக வைத்திருக்கிறார்! எனக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவர் எனக்கு வாங்கித்தந்த புடவை எதுவும் என்னை அந்த அளவுக்குப் பாடுபடுத்தவில்லை. நான் எட்டாவது நிலையில் கிடைத்த ஒரு நல்ல கவசத்தைப் பெட்டியில் அவருக்கு வைத்தேன். மறுநாள் பார்த்தால் அதைப் போட்டுக்கொண்டிருந்தார்.

இப்படியே ஒரு வாரம் ஓடியது. அவருக்குத் தெரிந்துவிட்டது, சொல்லாமல் விளையாடுகிறார் என்று நான் நினைத்தேன். சாதம் பரிமாறும்போது அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் ரசத்தைப் பார்ப்பார்.

ஒரு சாயங்காலம் அவர் நாத்தனாரின் பின்னலைப் பிடித்து இழுத்து, "கவசம் பிரமாதம். எப்படிடி கெடச்சுது?" என்று கேட்டார்.

அவள் முழித்தாள். பிறகு, இவளுக்குத்தான் எதற்கும் தெரியாது என்று சொல்லிப் பழக்கம் கிடையாதே, "அதெல்லாம் ரகசியம்" என்று சிரித்துவிட்டு வீணை க்ளாசுக்குப் போய்விட்டாள்.

நான் அடுக்களையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. வெண்டைக்காயை அன்றைக்கு மாவு மாதிரி நறுக்கிவிட்டேன். தங்கையாக இருக்கலாம், வைரஸாக இருக்கலாம், ஏன், அந்துருண்டைக்குத் தப்பிய பூச்சியாகக்கூட இருக்கலாம். நானாக இருக்கலாம் என்று மட்டும் அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. அதன்பிறகு ஐந்து நாள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. பெட்டியில் மருந்துப் புட்டி எத்தனை சேர்ந்ததோ தெரியாது.

நவராத்திரி வந்தது. கொலு, சுண்டல், வீடு வீடாகப் போய் அழைப்பு என்று எட்டு நாள் போனதே தெரியவில்லை. சரஸ்வதி பூஜை அன்று காலையில் மாமியார் பூஜை இடத்தில் மணை போட்டு ஒவ்வொன்றாக அடுக்கினார். அகராதி, பாட்டு நோட்டு, காலேஜ் புத்தகங்கள், ஓரமாக வீணை. கம்ப்யூட்டரைத் தூக்கிவர முடியாது என்பதால் மாமனார் அது இருந்த இடத்துக்கே போய், டிவிக்கு வைப்பதுபோலத் திரையின் நான்கு மூலையிலும் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமம் இட்டுவிட்டு வந்தார். பூஜையில் வைத்துவிட்டால் அன்றைக்கு எதையும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமியன்று மறுபூஜை ஆனதும் அவரவர் தம்முடையதை எடுத்துக் கொஞ்சமாவது படிக்க வேண்டும், வாசிக்க வேண்டும்.

"நீ என்ன வெக்கப்போறே?" என்று மாமியார் என்னைக் கேட்டார்.

"என் புஸ்தகமெல்லாம் அசோக் நகர்லயே இருக்கும்மா."

"அதனால என்ன? அந்த சமையல் புஸ்தகம் இருக்கே, அதை வையேன்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. அலமாரி வரைக்கும் போய் சமையல் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் அறைக்குப் போய் அந்த சிடியை எடுத்துவந்து பாட்டு நோட்டுக்கும் அகராதிக்கும் நடுவில் செருகினேன். மாமியார் அதன்மேல் பட்டுத்துணியைப் போர்த்தினார். அன்றைக்கு முழுக்க பூஜை இடத்துப் பக்கமே போய்ப் போய் வந்தேன். எடுத்துவிடலாம் என்றால் பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது.

விஜயதசமி காலையில் பட்டுத்துணியை விலக்கினார்கள். நாத்தனார் ஒரு வர்ணத்தைப் பாதி வாசித்தாள். மாமனார் அகராதியில் அன்றைய பக்கத்தைப் படித்தார். மாமியார் நோட்டை எடுக்கும்போது சிடி கீழே விழுந்தது.

"இது யாரோடது?" என்றார்.

"என் கேம் சிடி. இதை யார் இங்க வெச்சா?" என்று கணவர் தங்கையைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறே? நான் வெக்கலை" என்றாள் அவள்.

"நான்தான் வெச்சேன்" என்றேன். "என்னோடதுன்னு வெச்சேன்."

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. கணவர் என்னைப் பார்த்தார், சிடியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

மாமனார்தான் தொண்டையைக் கனைத்தார். "பூஜையில வெச்சாச்சுன்னா எடுத்து ஒரு வரியாவது படிச்சாகணும். இதுல என்ன படிக்கறது?"

"படிக்கறது இல்லைப்பா. ஆடறது."

"அப்போ ஆடு."

ஒன்பது கஜம் கட்டிக்கொண்டு, தலையில் அத்தனை மல்லிகைப்பூவோடு போய் உட்கார்ந்தேன். பின்னால் குடும்பமே நின்றது. ஆட்டம் திறந்ததும் ஒரு சங்கடம் தெரிந்தது. உயிர் எவ்வளவு பாக்கி என்று காட்டும் சிவப்புக் கோடு திரையின் இடது கீழ் மூலையில் இருக்கும். அதன்மேல் மாமனாரின் சந்தனமும் குங்குமமும் காய்ந்து உட்கார்ந்திருந்தது. விரலைக் கொண்டுபோனேன்.

"அழிக்கப்படாது. சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்" என்றார் மாமனார்.

சரி என்று குருட்டாம்போக்கில் ஆடினேன். பத்தாவது நிலை. வாங்கிய அடியை மனசுக்குள் எண்ணிக்கொண்டு, இத்தனைக்கு ஒரு புட்டி என்று குடித்தேன். நிலைப்படியில் நின்றேன். தோள் இறங்கியதும் குத்தினேன். ஒருவன் விழுந்தான், அடுத்தவன் வந்தான். கொஞ்ச நேரத்தில், "கதவுக்குப் பின்னாடி ஒருத்தன் ஒளிஞ்சிண்டு இருக்கான் பாரு!" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். மாமியார்!

"எல்லாம் ராட்சசாளா?" என்றார் மாமனார்.

"ஆமாம்ப்பா."

"அப்போ இன்னிக்குப் பொருத்தம்தான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசி ராட்சசன் பெரியவன். இரண்டு தடவை என்னைச் சுவரோடு மோதினான். உயிர் எவ்வளவு இருந்ததோ, கடவுளுக்கும் குங்குமத்துக்கும்தான் தெரியும். மூன்றாவது தடவை அவன் தோள் இறங்குவதற்காக எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குக் கேட்டது. இறங்கியது. குத்தினேன். விழுந்தான். நாத்தனார் கை தட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் அப்படிச் சத்தம்போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"அப்போ வைரஸ்?" என்றார் மாமியார்.

"அது அந்துருண்டைக்கே போயிடுத்து" என்றார் மாமனார், எழுந்து வேஷ்டியைச் சரிசெய்துகொண்டே.

கணவர் மட்டும் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

சமையலை முடித்துவிட்டு, துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனேன். அவர் பின்னாலேயே வந்தார். வாளியிலிருந்து ஒரு வேஷ்டியை எடுத்துப் பிழியாமலே கொடியில் போட்டார். நான் அதை எடுத்துப் பிழிந்து மறுபடி போட்டேன்.

"நான் அவள்னு நெனச்சேன்" என்றார்.

"தெரியும்."

"மருந்தெல்லாம் அவளுக்குன்னுதான் வெச்சேன்."

"தெரியும்னு சொன்னேனே." ஒரு துண்டை உதறினேன். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "ஏன், நான்னு ஒரு நாள்கூடத் தோணலையா?"

எப்போதும்போல அவர் ஏதாவது மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நானும் சரி என்று துணியை உலர்த்திவிட்டுப் போயிருப்பேன். எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் முப்பது வருஷம் ஓடிவிடுகிறது.

"இல்லை, தோணலை" என்றார். "நீ எதுக்கும் ஆசைப்பட்டு நான் பாத்ததே இல்லை."

"கேட்டேளா?"

"இல்லை" என்றார். "கேக்கலை. தப்புதான்."

வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஈரக்கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றார். ஒரு சால்ஜாப்பு இல்லை, சமாதானம் இல்லை. அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. கல்யாணம் மாசியில் ஆனது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.